என் தவறைத் திருடிக்கொண்ட ஜெபராஜ் அண்ணாச்சி

செய்தி வந்தபோது நான் வெண்டைக்காய் ஒடித்துக்கொண்டிருந்தேன். "தயவுசெய்து காய்களை ஒடிக்காதீர்கள்" என்று நம் இந்தியக் கடைக்காரர் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறாரே, அந்த அட்டைக்கு நேர் கீழே நின்று, ஒரு கண்ணைக் கல்லாவின் மேல் வைத்துக்கொண்டு, நுனி நுனியாக ஒடித்து முற்றலா இளசா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. என் மனைவி விஜி.

"எங்க இருக்கீங்க? ஜெபராஜ் அண்ணாச்சி போயிட்டாராம். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அவர் பொண்ணு ஷீபா இப்பதான் போன் பண்ணி அழறா."

கையிலிருந்த வெண்டைக்காய் கீழே விழுந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது பொறாமை. நோய் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, குழாய் இல்லை, ஊசி இல்லை. மனைவி மெர்சி அக்கா வைத்த மீன் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமைத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார். அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. நான்தான் முதலில் போவதாக இருந்தது. சர்க்கரை எனக்கு, ரத்த அழுத்தம் எனக்கு, கொழுப்பு எனக்கு. நம் தமிழ்ச் சங்க மலரில் எனக்கு அஞ்சலி எழுத வேண்டியவர் அவர். என்னென்ன புகழ வேண்டும் என்று குறிப்புகூடத் தயாராக வைத்திருந்தேன். அதிலும் முந்திக்கொண்டார் மனுஷன்.

நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்சிப்பனிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் சின்ன ஊரின் டவுன்ஹாலில் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர் ஜெபராஜ். பாளையங்கோட்டைக்காரர். ஊரின் பள்ளிக்கூடங்களில் அதே வேலையைப் பார்ப்பவன் நான். அவர் நகராட்சி, நான் கல்வி. இரண்டு பேரரசுகள். நடுவில் ஓடியது ஒரே ஒரு கேபிள்.

அந்தக் கேபிளின் வரலாற்றை முப்பது காண்டங்களில் பாட வேண்டும். ஆசிரியர் குழு பக்கம் தராததால் சுருக்குகிறேன். வீட்டுக்கு வீடு டிவி கொடுக்கும் கேபிள் நிறுவனத்துக்கு, ஊரின் கம்பங்களில் கம்பி இழுக்க ஊரின் அனுமதி வேண்டும். அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. டவுன்ஹாலில் கூட்டம். அதற்கு முன் எங்கள் பள்ளிகளில் இணையம் எப்படி இருந்தது என்றால், ஒரு படம் திரையில் இறங்கி முடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். இடைவேளையில் நான் அண்ணாச்சியிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, அவங்க நம்ம கம்பத்துல டிவி கம்பி இழுக்கறாங்க இல்ல? கூடவே நமக்குன்னு ஒரு தனி கேபிள் இழுத்துத் தரச் சொல்லுங்க. டவுன்ஹால், போலீஸ், லைப்ரரி, ஃபயர் ஸ்டேஷன், எல்லா ஸ்கூலும் ஒரே நெட்வொர்க்கில வந்துடும். ஆளுக்கு ஒண்ணு தனித்தனியா எதுக்கு?"

சொல்லிவிட்டு நான் சிப்ஸ் வாங்க வெளியே போனேன். பாக்கெட் இயந்திரத்துக்குள் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைக் குலுக்கி, தட்டி, தோளால் முட்டி, ஒரு மல்யுத்தமே நடத்தி மீட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால், ஊரே அண்ணாச்சிக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறது. "இது என் யோசனை இல்லை, என் நண்பர் சுந்தரத்தின் யோசனை" என்று அவர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நாற்காலியில் ஆள் இல்லை. வரலாறு அழைத்தபோது நான் சிப்ஸ் இயந்திரத்தோடு இருந்தேன்.

எங்கள் பொறாமையின் அடிக்கல் அன்று நாட்டப்பட்டது. 'எங்கள்' என்பது ஒரு மரியாதைக்கு. அவருக்கு ஒரு துளிகூடக் கிடையாது. அதுவும் எனக்கு எரிச்சல்.

நெட்வொர்க் வந்தது. கட்டடத்துக்கு ஒரு சின்ன அறை, அதில் பெட்டிகள், பெட்டிகளிலிருந்து சேமியா மாதிரி கேபிள்கள். எல்லா அறைகளின் சாவியும் எங்கள் இருவரிடமும் உண்டு. அதற்கு அண்ணாச்சி இரண்டு சட்டங்கள் போட்டார். உள்ளே போனால் கதவில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதிய க்ளிப் மாட்ட வேண்டும். பிரெட் பாக்கெட்டின் வாயை மூடிவருமே, சதுரமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு, அந்த க்ளிப். கேபிளின் கழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். "கம்பெனிக்காரன் விக்கிற லேபிள் ஒரு வெயில் தாங்காது வே. இது உம்ம பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்" என்பார்.

அதற்குப் பிறகு நம் ஊரில் யாரும் பிரெட் க்ளிப்பைக் குப்பையில் போடவில்லை. லைப்ரரி அம்மா கவரில் போட்டு அனுப்புவார். பள்ளிச் சமையலறைப் பெண்கள் டப்பா டப்பாவாகச் சேர்த்தார்கள். தீயணைப்பு வண்டி ஒரு முறை அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நிற்க, தெருவே பதறி ஓடிப் பார்த்தால், க்ளிப் கொடுக்க வந்திருக்கிறார்கள். என் வீட்டு அடுக்களையிலேயே ஒரு கண்ணாடி ஜாடி முளைத்தது.

"யாருக்கு இது?" என்று விஜியைக் கேட்டேன்.

"அண்ணாச்சிக்கு."

"நானும் அதே வேலைதான் பண்றேன். எனக்கு என்னிக்காவது ஒரு க்ளிப் குடுத்திருக்கியா?"

"நீங்க என்னிக்காவது கேட்டீங்களா?"

என் பள்ளிகளில், என் சொந்த சாம்ராஜ்யத்தில், துப்புரவுப் பணியாளர்கள் அவருக்குத்தான் முதலில் கை காட்டுவார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயர், பிள்ளைகள் ஆடும் விளையாட்டு எல்லாம் அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மெர்சி அக்காவின் முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்து ஏழு பள்ளிக்கும் கொண்டுபோவார். நான் போட்டிக்கு ஒரு தீபாவளி அன்று பூசணிக்காய் அளவில் லட்டு பிடிக்கவைத்துக் கொண்டுபோனேன். அதை உடைக்க உடற்பயிற்சி ஆசிரியர் வர வேண்டியிருந்தது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். சொல்லிவிட்டு, "ஜெபராஜ் இந்த வருஷம் எப்போது வருவார்?" என்று கேட்டார்கள்.

இதுவரை சிரித்தீர்கள் என்றால் சந்தோஷம். இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டரில் மாநிலத் தேர்வு எழுதும் நாள் அது. முந்தின நாள் மாலையே அண்ணாச்சி நடுநிலைப் பள்ளிக்கு வந்து, அறைக்குள் போய், எல்லாம் ஓடுகிறதா என்று சோதித்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். சோதிப்பதற்காக அவர் மாட்டிய மஞ்சள் கேபிள் ஒன்று அப்படியே இருந்தது. ஒரு முனை பெட்டியில், மறு முனை காற்றில். வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணாச்சி க்ளிப் மாட்ட மறந்திருந்தார்.

காலையில் நான் போனேன். ஒரு கையில் ஃபில்டர் காபி ஃப்ளாஸ்க். அவசரம், கையெழுத்துப் போடவில்லை. பார்த்தால் ஒரு கேபிள் அநாதையாகத் தொங்குகிறது. பள்ளிக்கூடத்தின் மானம் தொங்குவது போல இருந்தது எனக்கு. மறு முனை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. தொங்கிய முனையை எடுத்துக் காலியாக இருந்த ஓட்டையில் அழகாகச் செருகி, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறு முனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அப்படி ஒரு கேபிள் வட்டமாகிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? கல்யாண மண்டபத்தில் ஒருத்தி ஒரு வதந்தியைச் சொல்ல, அது மண்டபத்தைச் சுற்றிவந்து அவள் காதிலேயே விழ, அவள் அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி சொல்ல, அது பத்தாகி, நூறாகி, கடைசியில் யாரும் யாரோடும் பேச முடியாமல் போகுமே, அதுதான். ஒரே நெட்வொர்க் இல்லையா? ஏழு பள்ளியிலும் தேர்வு நின்றது. லைப்ரரி நின்றது. டவுன்ஹாலில் பிறப்புச் சான்றிதழ் நின்றது, இறப்புச் சான்றிதழ் நின்றது. நம் ஊரில் அன்று காலை பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. அந்தப் பெருமை முழுவதும் என் வலது கையைச் சேரும்.

அண்ணாச்சி கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தக் கேபிளைக் கண்டுபிடித்து உருவினார். ஊர் மூச்சு விட்டது. அரை மணி கழித்து என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, மேஜையில் என் ஃப்ளாஸ்க்கை வைத்தார். பெட்டியின் மேலேயே அதை மறந்து வைத்திருக்கிறேன்.

"காபி மிச்சம் இருந்துச்சு. குடிச்சிட்டுக் கழுவிட்டேன்" என்றார்.

அப்போது என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதிக் கிணற்றில் இருந்தது. பள்ளி நிர்வாகம் போட்டுக்கொடுத்த விண்ணப்பம். வேலை போனால் விசா போகும். அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். மகள் பதினோராம் வகுப்பு.

"அண்ணாச்சி, நானே போய் சொல்லிடறேன்" என்றேன். சொல்லும்போதே அவர் தடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"உக்காரும் வே. தாள்ல கடைசிக் கையெழுத்து யாரோடது? என்னோடது. கேபிள் யாரோடது? என்னோடது. க்ளிப் போடாதது யாரு? நான். அம்புட்டுத்தான், வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் சிட்டிசன். என்னை எங்கயும் அனுப்ப முடியாது. ஆனா ஒண்ணு. நான் உசுரோட இருக்குற மட்டும் நீர் வாயத் தொறக்கப்பிடாது. தொறந்தா ரெண்டு பேரையும் சேத்துல்லா விசாரிப்பான்."

கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இன்னொண்ணும் சொல்லுதேன். ரெண்டு முனையையும் கண்ணால பாக்காம இனிமே எதையும் தொடாதீரும்."

அந்த வாரம் டவுன்ஹால் கூட்டம். பெற்றோர்கள் எரிமலை, பூகம்பம், சுனாமி எல்லாம் சேர்ந்த கோலத்தில் வந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசை. அண்ணாச்சி ஒலிபெருக்கி முன் நின்றார். "அந்தக் கேபிளை அங்கே வைத்தது நான். இரண்டு முனையிலும் அடையாளம் போடாமல் விட்டது நான். உங்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். ஒரு வார்த்தை பொய் இல்லை, கவனித்தீர்களா? இந்த நாட்டில் ஓர் அதிகாரி இப்படிச் சொல்லிக் கேட்டே பழக்கமில்லாத கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். மிகக் கோபமாக வந்த அம்மாள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, கேளுங்கள் இந்தக் கேவலத்தை, பொறாமைப்பட்டேன். நான் என் கையால் செய்த தவறு! அதிலும் பெயர் அவருக்கா?

ஆனால் பெயர் மட்டும் ஊரை ஓட்டாது. அந்த வருடம் டவுன்ஹாலில் அவருக்கு வர வேண்டியிருந்த டைரக்டர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெறும் வரை அண்ணாச்சி அதே நாற்காலியில் இருந்தார். பள்ளி நிர்வாகத்தில் அதே பதவி இரண்டு வருடம் கழித்து எனக்கு வந்தது. முதலில் போன் பண்ணி வாழ்த்தியவர் அவர்தான். கைதட்டல் அவருக்கு, நாற்காலி எனக்கு. அப்படியும் நான் அந்தக் கைதட்டலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரீன் கார்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் வாங்கிய வாக்குறுதியைக் காரணமாகச் சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்: உண்மை தெரிந்தால் நான் குட்டையாவேன் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் இன்னும் உயரமாகிவிடுவாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏற்கெனவே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி.

இப்போது இறுதிச் சடங்குக்கு வருகிறேன். ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு. நம் சங்கத்தார் பாதி, ஊர்க்காரர்கள் பாதி. டவுன்ஹால்காரர் ஒருவர் எழுந்து, மிகுந்த அன்போடு, "ஒரே ஒரு கேபிளால் ஊரையே படுக்கவைத்த ஜெபராஜ்" என்று அந்தக் கதையைச் சொன்னார். எல்லாரும் கண்ணீரோடு சிரித்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சொல்லப்பட்ட கதை. அண்ணாச்சியும் கூடவே சிரிப்பார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் நான். அன்றும் சிரிக்க வாயைத் திறந்தேன். மெர்சி அக்காவின் முகம் கண்ணில் பட்டது. அவர் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அந்தக் கேபிளைச் செருகினது அண்ணாச்சி இல்ல. நான்."

அக்கா நிமிர்ந்தார். "என்ன சொல்லுதீங்க தம்பி?"

முழுவதையும் சொன்னேன். ஃப்ளாஸ்க், கையெழுத்து, கிரீன் கார்டு, எல்லாம். அவர் மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலியே இந்த மனுஷன்!" என்றார் அக்கா. கோபத்தில் தட்டைத் தள்ளிவைத்தார். "எத்தன தடவ திட்டிருக்கேன் தெரியுமா? பொறுப்பில்லாம ஒரு வயரத் தொங்கவிட்டு, வந்த வேலையக் கெடுத்துக்கிட்டீங்களேன்னு. அந்த டைரக்டர் வேலை கிடைக்காத அன்னைக்கு ரெண்டு நாள் நான் பேசல அவர்கிட்ட. ரெண்டு நாள், தம்பி. இப்ப அத யார்கிட்ட போய்ச் சொல்ல?"



"சங்க மலர்ல எழுதிடறேன் அக்கா. எல்லாரும் படிக்கட்டும்."

"தமிழ்ல எழுதினா அந்த டவுன்ஹால்காரர் படிப்பாரா?" என்றார் அக்கா. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஷீபா ஓடிவந்து, "அங்கிள், அம்மா ஓகேவா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஆகவே, அண்ணாச்சியை அறிந்தவர்களே, இந்தக் கட்டுரை ஒரு முனைதான். வருகிற செவ்வாய்க்கிழமை டவுன்ஹாலில் கூட்டம். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம். பெயர் கொடுத்துவிட்டேன். என் பள்ளி நிர்வாகத்துக்கும் கடிதம் போட்டுவிட்டேன். பதிலில் என்ன வரும் என்று தெரியாது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, அதற்கு முன்பே வீட்டுக்குப் போகச் சொன்னாலும் சொல்லலாம். அவர் நின்ற அதே ஒலிபெருக்கி. அவர் பெயரிலிருந்து அந்தக் கதையை உருவி என் பெயரில் செருகிவிட்டு வருவேன். முடிந்ததும் யாராவது கைதட்டுவார்கள். அதுவும் அவருக்குத்தான் போய்ச் சேரும். தெரிந்தேதான் போகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், அந்த மஞ்சள் கேபிள். ஓய்வு பெற்ற நாளில் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மறந்த க்ளிப்களை இரண்டு முனையிலும் மாட்டியிருந்தார். ஒன்றில் அவர் பெயர், மற்றதில் என் பெயர், எறும்பு எழுதியது போன்ற அந்தக் கையெழுத்தில். செவ்வாய்க்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன்.

அடுக்களை ஜாடியை விஜி இன்னும் எடுக்கவில்லை. நேற்று புது பிரெட்டைப் பிரித்தவள், க்ளிப்பைக் கழற்றி அதில் போட்டாள். இந்த முறை யாருக்கு என்று நான் கேட்கவில்லை.